குலுக்கல் சீட்டில் என் பேர்

இல்லைங்கக்கா, பழனியில விசேஷம் ஒண்ணுமில்ல. வீடு இருக்கு, அம்மா இருக்காங்க, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நான் பொள்ளாச்சியில இருக்கக் கூடாது. அதுக்காகத்தான் இந்த பஸ்ல ஏறியிருக்கேன்.

நீங்க காலை நல்லா நீட்டிக்கங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன். முட்டிதானே? ஏறும்போதே பார்த்தேன், கம்பியைப் பிடிச்சு ஒருக்களிச்சு ஏறுனீங்க. வலது முட்டி. எனக்கு அதுதான் வேலை. யார் எப்படி ஏறறாங்க, எப்படி உக்கார்றாங்க, எந்தப் பக்கம் சாய்ஞ்சு நிக்கறாங்கன்னு பார்க்கறது. பார்க்கறது நல்லா வரும். பேசறதுதான் வராது. உங்ககிட்ட எப்படிப் பேசறேன்னு எனக்கே தெரியல. மடத்துக்குளத்துல இறங்கிப் போயிருவீங்க, அப்புறம் உங்களைப் பார்க்கப் போறதில்ல, அந்தத் தைரியமா இருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க.

லேடீஸ் ஜிம்ல மாஸ்டரா இருக்கேன். நம்ப மாட்டீங்கன்னு தெரியும், யாரும் நம்பறதில்ல. சேர வர்றவங்க என்னைப் பார்த்துட்டு, "மாஸ்டர் எப்ப வருவாங்க பாப்பா"ன்னு என்கிட்டயே கேட்பாங்க. தண்டபாணி அண்ணன்னு ஒரு கொப்பரை வியாபாரி, அவரோட பழைய குடோனை வெள்ளையடிச்சு, கண்ணாடி மாட்டி ஜிம்மா மாத்துனாரு. வருஷம் ஒண்ணரை ஆச்சு, இன்னமும் ட்ரெட்மில்லுல ஏறுனா தேங்கா எண்ணெய் வாசம் வரும். பின்னாடி தேங்கா காயப்போடற களம் அப்படியே கிடக்குது. இந்தக் கடைசியில ஒரு தென்னை, அந்தக் கடைசியில ஒரு தென்னை, நடுவுல வெறும் சிமெண்டுத் தரை. எதுக்கும் உதவாத இடம்.

நான் எதையும் திட்டம் போட்டுத்தாங்க செய்வேன். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே ஒரு நோட்டு போட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம். எடை, இடுப்பளவு, என்ன பயிற்சி, எத்தனை தடவை. தொண்ணூறு நாள் திட்டம். திங்கள் கால், செவ்வாய் முதுகு, புதன் கை, வியாழன் வயிறு. இருபத்திரண்டு பேர் சேர்ந்தாங்க. தொண்ணூறாவது நாள் எத்தனை பேர் மிச்சம், சொல்லுங்க பார்க்கலாம்?

ஆறு பேர். அந்த ஆறுல நோட்டுல எழுதுனதை எழுதுனபடி செஞ்சது ஒரே ஒருத்தி.

நிவேதா. பேங்க்ல வேலை பார்க்கற பொண்ணு. அவதாங்க என்னோட உண்மையான மாணவி. வாய் பேச மாட்டா. வருவா, நோட்டைப் பார்ப்பா, செய்வா, போவா. காய்ச்சல் அடிச்சாலும் வந்தா. வீட்டுல அக்கா கல்யாணத்தன்னைக்குக்கூட விடியக்காலையில வந்து செஞ்சுட்டுப் போனா. பதினோரு கிலோ குறைஞ்சா. தண்டபாணி அண்ணன் அவ போட்டோவைப் பெரிசா அடிச்சு ஜிம் வாசல்ல மாட்டுனாரு. முன்னாடி எப்படி, பின்னாடி எப்படின்னு ரெண்டு படம்.

இப்பவா? இப்ப வர்றதில்லைங்க. தொண்ணூறு நாள் முடிஞ்ச மறுநாளே நின்னுட்டா. காந்தி சிலைகிட்ட ஒரு தடவை பார்த்தேன், என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போயிட்டா. மறுபடியும் உடம்பு போட்டிருந்தா, அதனால வெட்கமா இருந்திருக்கும். ஆனா அந்தத் தொண்ணூறு நாள் இருக்குது பாருங்க, அதுல ஒரு குறை சொல்ல முடியாது. அவ பக்கத்தை இன்னமும் கிழிக்காம வெச்சிருக்கேன்.

சரி, என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன். மரகதம் அக்கா.

பஸ் ஸ்டாண்டுகிட்ட மெஸ் வெச்சிருக்காங்க. அம்பத்தி மூணு வயசு. உங்களை மாதிரியே முட்டி வலி. முதல் நாளே ஸ்குவாட் சொல்லிக் குடுத்தேன், அதாவது குந்தி குந்தி எந்திரிக்கறது. ரெண்டு தடவை செஞ்சுட்டு இடுப்புல கையை வெச்சு நின்னாங்க. "ஏன் அம்மிணி, குந்தறதுக்கு எங்கூட்டுலயே எடம் இருக்குதே, இதுக்கு எதுக்கு நான் இத்தன தூரம் வாரேன்?"னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் நோட்டுல ரெண்டுன்னு எழுதிக்கிட்டேன்.

அப்புறம் ரெண்டாவது தொண்ணூறு நாள் ஆரம்பிச்சேன். முதல் வாரமே பாதிப் பேரைக் காணோம். ஒருத்திக்கு மாமியார் வந்திருக்காங்க, ஒருத்திக்குப் பரீட்சை. பரீட்சை அவளுக்கில்ல, அவ பையனுக்கு. தினமும் போன் பண்ணுவேன். போன்ல பேசறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. என்ன பேசணும்னு எழுதி வெச்சுப் படிப்பேன்.

அப்பத்தான் மரகதம் அக்கா ஒரு நாள் மெஸ்ல இருந்து ஒரு எவர்சில்வர் சொம்பைத் தூக்கிட்டு வந்தாங்க. வந்தவங்க பேரையெல்லாம் துண்டுச் சீட்டுல எழுதி உள்ள போட்டாங்க. "நாம சீட்டுக் கட்டலாமுங்க"ன்னாங்க. நான் பணச் சீட்டுன்னு பயந்துட்டேன். அதில்ல. குலுக்கல் சீட்டு மாதிரி, ஆனா பணம் கிடையாது. தினமும் முடிஞ்சு போகும்போது ஒரு சீட்டு எடுக்கறது. யார் பேர் வருதோ, மறுநாள் எல்லாரும் என்ன செய்யணும்னு அவங்கதான் சொல்லணும். அவங்களுக்குப் பிடிச்சது எதுவா இருந்தாலும் சரி. மத்தவங்க மூஞ்சியைச் சுளிக்காம செய்யணும். ஒருத்தர் பேர் வந்துட்டா, எல்லாருக்கும் வந்து முடியற வரைக்கும் மறுபடி வராது.

அதுல ஒரு ரூல். நடுவுல ஒரு நாள் வராம இருந்தா, அவங்க சீட்டைச் சொம்புல இருந்து எடுத்துக் கிழிச்சுருவாங்க. அந்தச் சுத்து அவங்களுக்குப் போச்சு.

அவ்வளவுதாங்க. ஏழு மாசமாச்சு. பத்துப் பேர். ஒரு பொம்பளகூட ஒரு நாள் மட்டம் போடறதில்ல. மாமியார் வந்தா மாமியாரையும் கூட்டிட்டு வந்து சேர்ல உக்கார வைக்கறாங்க. எனக்கு ஆத்திரமா வருமா வராதா? நான் எழுதி வெச்சுக் கெஞ்சுனப்ப வராதவங்க, ஒரு சொம்புக்கு வர்றாங்க.

சரி, வர்றாங்களே, வந்து என்ன செய்யறாங்கன்னு கேளுங்க. முதல் சீட்டு மரகதம் அக்காவுக்கே விழுந்துச்சு. "கொடத்துல தண்ணி மொண்டு இடுப்புல வெச்சுக் களத்தைச் சுத்தணும், சிந்தாம யாரு வாராங்கன்னு பார்க்கலாம்." எங்கிருந்தோ பத்து பிளாஸ்டிக் குடம் வந்துச்சு. ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டு, நைட்டியெல்லாம் நனைஞ்சு, ஏழு சுத்து. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஏன்னா அந்தப் பயிற்சி என் நோட்டுல ஏற்கனவே இருக்குதுக்கா. கையில கனத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறது. டம்பெல்லை வெச்சு முதல் மாசமே சொல்லிக் குடுத்தேன். அப்ப ரெண்டு சுத்துக்கு மேல ஒருத்திகூட நடக்கல.

அடுத்தது சபுரா அக்கா. தையல் கடை. நாள் முழுக்க மிஷின்ல உக்கார்ந்தே இருக்கறவங்க, சர்க்கரை வேற. அவங்க தையல் சாக்பீஸை எடுத்து என் ரப்பர் மேட் மேல பாண்டிக் கட்டம் போட்டாங்க. புது மேட்டு. நொண்டியடிச்சு, நொண்டியடிச்சு, அது அழியவே இல்ல. நான் துடைச்சுக்கிட்டே, "அக்கா, இதுல எடை குறையாது"ன்னு சொன்னேன். "குறையாட்டிப் போவுது கண்ணு, நாளைக்கும் வரணும்னு இருக்குதில்ல"ன்னாங்க. டாக்டர் ஏதோ மாத்திரையைப் பாதியாக் குறைச்சிருக்காராம், எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிட்டு வந்தாங்க. ஜிலேபி! சர்க்கரை இருக்கறவங்க. எடை பார்த்தேன். ஏழு மாசத்துல மூணு கிலோ. நிவேதா மூணு மாசத்துல பதினோரு கிலோ.

ஈஸ்வரின்னு ஒருத்தி. நாலு மணிக்கு எந்திரிச்சு, ரெண்டு டிபன், ஒரு சாப்பாடு செஞ்சு வெச்சுட்டு வர்றவ. அவ சீட்டு விழுந்த மறுநாள் எல்லாரும் சுத்தி நிக்கறோம், என்ன சொல்லப் போறான்னு. "எல்லாரும் படுங்க"ன்னா. "படுத்து?"ன்னு கேட்டாங்க மரகதம் அக்கா. "படுத்துத்தான் இருக்கணும். அரை மணி நேரம். யாரும் யாரையும் எழுப்பக் கூடாது." பத்துப் பேரும் வரிசையாப் படுத்துட்டாங்க. மூணு பேர் குறட்டை. நான் மட்டும் விசிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நடுவுல நிக்கறேன். அப்பப் பார்த்து அண்ணன் உள்ள வந்தாரு. வந்தவரு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, சத்தமில்லாம வெளிய போயிட்டாரு.

அவர்கிட்டயாவது நியாயம் கிடைக்கும்னு அன்னைக்கே போய்ச் சொன்னேன். நோட்டைக் காட்டுனேன். எழுதிப் பார்த்துட்டுத்தான் போனேன், அதனால திக்காமச் சொல்லிட்டேன். "அண்ணா, திட்டம்னு ஒண்ணு இல்லைன்னா இது ஜிம்மே இல்ல." அவர் கொப்பரையை மூக்குகிட்ட வெச்சு மோந்து பார்த்துக்கிட்டே, "ஆளு தெனம் வருதில்ல கண்ணு, விடு"ன்னாரு. வாசல்ல இருந்த நிவேதா போட்டோவையும் கழட்டிட்டாங்க. வெயில்ல வெளுத்துப் போச்சாம்.

அப்ப நான் எதுக்குங்க? நீங்களே சொல்லுங்க. தண்ணிக் குடத்துக்கும் பாண்டிக்கும் ஒரு மாஸ்டர் எதுக்கு? விசில் ஊதறதுக்கா? இந்த போன்ல ராஜினாமாக் கடிதம் அடிச்சு வெச்சிருக்கேன். பழனியில இறங்குனதும் அண்ணனுக்கு அனுப்பிருவேன். இப்பவே அனுப்பியிருப்பேன், சிக்னல் சரியா இல்ல.

நீங்க சொல்றது சரிதான், சிக்னல் இருக்கு. நாலு கோடு காட்டுது. வீட்டுக்குப் போய் அனுப்பிக்கறேன்.

ம்? இந்த வேலைக்கு எப்படி வந்தேனா? பள்ளிக்கூடத்துல கோ-கோ ஆடுவேன். ஏழாவதுல இருந்து பத்தாவது வரைக்கும். கிளாஸ்ல வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட என் குரல் டீச்சருக்குக் கேட்காது, எந்திரிச்சு நிக்கணும். ஆனா கோ-கோவுல முதுகுல தட்டி "கோ"ன்னு கத்தணும் பாருங்க, அதை மட்டும் ரோட்டுக்குக் கேட்கற மாதிரி கத்துவேன். ஏன்னு தெரியல. அந்த ஒரு எழுத்துதான். சாயங்காலம் பெல் எப்ப அடிக்கும்னு இருக்கும். பதினொண்ணாவது வந்ததும் அப்பா, மார்க்கு போகுதுன்னு நிறுத்திட்டாரு. அதெல்லாம் பயிற்சி இல்லைங்க, விளையாட்டு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பயிற்சின்னா நான் கோயமுத்தூர்ல ஆறு மாசம் படிச்சு சர்டிபிகேட் வாங்குனதுதான். அன்னைக்கு ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் தினமும் ரூம்ல தனியா அம்பது நிமிஷம். ஒரு நாள் விட்டதில்ல.

சரி, இன்னைக்குக் காலையில நடந்ததைச் சொல்றேன்.

பத்து நாளைக்கு முன்னாடி புதுச் சுத்து ஆரம்பிச்சப்ப, மரகதம் அக்கா என் பேரையும் ஒரு சீட்டுல எழுதிப் போட்டுட்டாங்க. "நான் மாஸ்டர், என் பேர் எதுக்கு"ன்னேன். "நீயும் தெனமும் வாரியல்ல அம்மிணி? வார்றவங்க பேரெல்லாம் உள்ள இருக்கோணும்." பதினோரு சீட்டு. தினமும் ஒண்ணொண்ணா எடுத்தாங்க. என் பேர் வரவே இல்ல. இன்னைக்குச் சொம்புல கடைசியா ஒரே ஒரு சீட்டு. யார் பேர்னு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சொம்பைக் குலுக்குனாங்க பாருங்க. ஒத்தைச் சீட்டைப் போட்டுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கி, ஈஸ்வரியை எடுக்கச் சொல்லி, பிரிச்சு, "வாணி"ன்னு வாசிச்சு, கை தட்டுனாங்க.

"சொல்லு, நாளைக்கு என்ன?"

"புஷ்-அப்"னேன். வாயில வந்ததைச் சொன்னேன். பதினஞ்சு பதினஞ்சா மூணு செட்டு.

"செய்யறோம். உனக்கு அது புடிக்குமா?"ன்னு கேட்டாங்க சபுரா அக்கா.

இது என்ன கேள்வி, சொல்லுங்க. பல்லு விளக்கறது பிடிக்குமான்னு யாராவது கேட்பாங்களா? நல்லதுன்னு செய்யறோம். நான் அதைத்தான் சொன்னேன், "அக்கா, அது நெஞ்சுக்கும் தோளுக்கும் நல்லது."

"நல்லதை விடு. நீ ஆறு வருசமாத் தனியாச் செய்யறியே, அதுல எது உனக்குப் புடிக்கும்?"

யோசிச்சேங்க. நிஜமாவே யோசிச்சேன். பத்துப் பேரும் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. புஷ்-அப் யோசிச்சேன், பிளாங்க் யோசிச்சேன், ஸ்கிப்பிங் யோசிச்சேன். ஒண்ணொண்ணும் எத்தனை தடவை, எந்தத் தசைக்குன்னு வருதே ஒழிய, பிடிக்குதுன்னு ஒண்ணு வரவே மாட்டேங்குது. யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. மரகதம் அக்கா என் தோள்ல கையை வெச்சு, "அவசரமில்ல கண்ணு, நாளைக்குச் சொல்லு"ன்னாங்க. நான் ஸ்டோர் ரூமுக்குள்ள போய் டம்பெல்லை எல்லாம் எண்ணி எண்ணி அடுக்குனேன். எப்பவும் இருக்கற பதினாறுதான் இருந்துச்சு.

அப்புறம் ரூமுக்கு வந்து துணியை எடுத்து வெச்சேன், பஸ் ஏறிட்டேன். நாளைக்கு அவங்க நிக்கும்போது நான் அங்க இருக்க மாட்டேன். சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற யாராவது சொல்லிக்கட்டும்.

ஒரு நிமிஷம்க்கா, பையில என்னமோ குத்துது. உங்க பை இல்ல, என் பை.

ஐயோ. ஜிம்மு சாவி.

நான்தான் தினமும் அஞ்சே முக்காலுக்குத் திறப்பேன். கையோட எடுத்துட்டு வந்திருக்கேன் பாருங்க. பத்துப் பேரும் வாசல்ல நிப்பாங்களே. அண்ணன் வீட்டுல இன்னொரு சாவி இருக்குதுதான். மரகதம் அக்காகிட்டயும் ஒண்ணு இருக்கு. இருந்தாலும் என் பொறுப்புல குடுத்த சாவி. அதை வெச்சுக்கிட்டு ஊருக்குப் போறது முறையில்ல. உடுமலை வந்துருச்சா? கண்டக்டர் பத்து நிமிஷம் நிக்கும்னாரு. நான் இங்க இறங்கித் திரும்பிப் போயிடறேன். அம்மா நான் வர்றேன்னு எதிர்பார்க்கல, சொல்லவே இல்ல.

சாவியைக் குடுக்கறதுக்கு மட்டுந்தான். வேற ஒண்ணுமில்ல.

ஆனா போனா, அவங்க கேட்பாங்க. கேட்டா எதையாவது சொல்லித்தான் ஆகணும், ரூல் அப்படி. அந்தக் களம் எத்தனை அடி இருக்கும்? ஒரு தொண்ணூறு அடி இருக்குமா? ரெண்டு கடைசியிலயும் கம்பம் மாதிரி ஒவ்வொரு மரம் நிக்குது. நான் இத்தன நாள் பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன். கோ-கோன்னா எட்டுப் பேர் வரிசையில இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் பார்த்தாப்ல குந்தி உக்காரணும். குந்தித்தான் உக்காரணும், எந்திரிக்கணும், ஓடணும், மறுபடி குந்தணும். பாருங்க, அதுல என் ஸ்குவாட் மொத்தமும் வந்துருது. கணக்குப் போட்டா ஒரு ஆட்டத்துல இருபது முப்பது ஆகும். எனக்குப் பிடிக்கும்னு சொல்லல. நோட்டுல எழுதிக்கலாம்னு சொல்றேன்.

மரகதம் அக்காவால குந்த முடியாது. ஒரு முக்காலி போட்டுடலாம். முக்காலியில உக்காரலாம்னு எந்த ரூல்லயும் கிடையாது. பரவாயில்ல, போடலாம். சிமெண்டுத் தரை, அதனால விழுந்து தொடக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிரணும். சத்தமாச் சொல்லணும். சொல்லிருவேன்.

உக்கார எட்டு, துரத்த ஒருத்தி, ஓட மூணு. பன்னெண்டு. அவங்க பத்து, நான் ஒண்ணு. பதினொண்ணு.

ஒரு ஆள் குறையுதே.

இறங்கறேங்கக்கா, உங்க பையைப் பிடிங்க. ஆமா, மடத்துக்குளம் தங்கச்சி வீட்டுக்குப் போறீங்க, சாயங்காலமே திரும்பிருவேன்னு சொன்னீங்கல்ல? பொள்ளாச்சியில உங்க வீடு எந்தப் பக்கம்? ரெண்டு முக்காலி போட்டுக்கலாம்.